ஏன் அடித்தான் என்று யார் கேட்டோம்?

 

இம்மாதம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் நம் பிள்ளைகளின் மதிப்பெண் பற்றியதன்று. அவர்களின் மனம் பற்றியது. அதனை ஒரு பழைய நிகழ்ச்சியிலிருந்து தொடங்க விழைகின்றேன். அந்நிகழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் பிறர் குறையைச் சுட்டிக்காட்டும் உரிமையோடு இதனை நான் எழுதவில்லை.

1996-ஆம் ஆண்டு. நம் சமுதாயப் பெரியவர்கள் நடத்திவந்த பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினனாக இருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் படிக்கும் பையனைத் தன் ஜாமெட்ரி பெட்டியால் அடித்து நெற்றியைக் கிழித்துவிட்டான். நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அவன் மீது வந்த மூன்றாவது புகார் அது. குழு கூடியது. "என்ன செய்தான்?" என்று கேட்டோம்; ஆசிரியர் விவரித்தார். "இதற்கு முன் என்னென்ன செய்திருக்கிறான்?" என்று கேட்டோம், பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். கால் மணி நேரத்திற்குள் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதென முடிவாயிற்று. வராந்தாவில் அவனுடைய உம்மா துப்பட்டியை இழுத்து மூடியவாறு நின்றிருந்தார். அவரை உள்ளே அழைத்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை.

பல மாதங்கள் கழிந்த பின்னரே உண்மை காதில் விழுந்தது. பிழைப்புக்காகச் சவூதி சென்ற அவன் வாப்பாவிடமிருந்து எட்டு மாதங்களாகக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அன்று காலை வகுப்பில், "உன் வாப்பா அங்கே வேற கலியாணம் முடிச்சுட்டாராமே!" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். கேட்டவனின் நெற்றியில்தான் அந்தப் பெட்டி விழுந்தது.

அடித்தது குற்றமே, அதில் ஐயமில்லை. தையல் போடப்பட்ட பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கின்றாள். ஆனால் ஒரு சிறுவனின் படிப்பையே முடித்துவைத்த அந்தக் கூட்டத்தில், "ஏன் அடித்தான்?" என்ற கேள்வி ஒரு முறையேனும் எழவில்லை. அவனுக்கோ, தன் நெஞ்சில் கொதித்தது இன்னதென்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாதவன் கையை ஓங்கினான். சொல்லத் தெரிந்த நாங்களும் கேட்கத் தெரியாதவர்களாக இருந்தோம்.

எழுத்தும் கணக்கும் கற்பிப்பதைப் போல, தன் உணர்ச்சியை அறியவும், அதனை அடக்கி ஆளவும், பிறர் மனத்தை உணரவும் பள்ளியிலே கற்பிக்க இயலுமா? இயலும் என்று காட்டிய ஓர் ஊரின் வரலாற்றைப் பின்னாளில் படித்தேன். அது நம் நாட்டு ஊரன்று. நம் மார்க்கத்தார் வாழும் ஊருமன்று. ஆயினும் அதனைப் படிக்கப் படிக்க எங்கள் நிர்வாகக் குழு கூடிய அந்த அறையே என் கண்முன் வந்து நின்றது.

நியூஹேவன் நகரத்துப் பாடம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நகரம் நியூஹேவன். அறிவுக்குப் பேர்போன அந்நகரிலேயே வறுமையில் உழலும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளும் இருந்தன. 1968-ஆம் ஆண்டில், ஜேம்ஸ் கோமர் என்னும் மனநல மருத்துவர் யேல் குழந்தை ஆய்வு மையத்தின் சார்பில் அங்குள்ள இரண்டு தொடக்கப் பள்ளிகளில் தம் பணியைத் தொடங்கினார். மாணவர்கள் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினத்தவர். பெரும்பாலான குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவை. நகரிலிருந்த 33 தொடக்கப் பள்ளிகளுள் தேர்ச்சியில் கடைசி இடங்களைப் பிடித்தவை இவ்விரண்டும்.

கோமர் தாமும் அத்தகைய எளிய குடும்பத்தில் பிறந்தவரே. இந்தியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ என்னும் ஊரில் 1934-இல் பிறந்தார். தந்தை இரும்பு ஆலைத் தொழிலாளி. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கப் பெறாதவர். ஆயினும் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து 13 பட்டங்கள் பெற்றனர். அவரோடு விளையாடிய தோழர் மூவர் இருந்தனர்; அறிவில் அவருக்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவர் குடியால் மாண்டார். ஒருவர் சிறையில் வாழ்நாளைக் கழித்தார். ஒருவர் மனநோய் மருத்துவமனைகளில் அலைக்கழிந்தார். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே வறுமை. வேறுபாடு எங்கிருந்து வந்தது? வீட்டில் கிடைத்த பேச்சும் பரிவும் பழக்கமும் தமக்கு வாய்த்தன. அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பதே கோமர் கண்ட விடை. அவ்வாறாயின், வீட்டில் கிடைக்காததைப் பள்ளியேனும் தரவேண்டும் அல்லவா? இந்த எண்ணமே அவர் பணிக்கு வித்தாயிற்று.

அவர் விவரித்துள்ள ஒரு நிகழ்ச்சி உள்ளத்தைத் தொடுவதாகும். வட கரோலினாவின் நாட்டுப்புறத்திலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நியூஹேவனுக்குக் கொண்டுவரப்பட்டான். பெற்றோரைப் பிரிந்து உறவினர் வீட்டில் தங்கியவன், புதிய பள்ளியின் வாசலில் கொண்டுவந்து விடப்பட்டான். வகுப்பாசிரியைக்கு முன்னரே புதிய பிள்ளைகள் சிலர் வந்து சேர்ந்திருந்தனர். "இன்னும் ஒருவனா?" என்னும் சலிப்பு அவர் முகத்தில் தோன்றி மறைந்தது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் சிறுவன் அம்முகத்தைப் படித்துவிட்டான். ஆசிரியையின் காலில் உதைத்துவிட்டு வெளியே ஓடினான்.

வழக்கமாக என்ன நடக்கும்? தலைமையாசிரியரிடம் அனுப்புவார்கள், தண்டிப்பார்கள், திரும்பி வருவான், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்களோடு சண்டையிடுவான், மறுபடியும் தண்டனை. மூன்றாவது முறை, 'இவன் கெட்டுப்போன பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவார்கள். நாங்கள் செய்ததும் இதுவேயன்றோ!

கோமரின் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. பெற்றோரைப் பிரிந்து, முன்பின் அறியாத ஊரில், அறியாத முகங்களின் நடுவே நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தோன்றும் என்று ஆசிரியர்களோடு அமர்ந்து பேசினர். அது திமிரன்று, அச்சம் என்பது விளங்கிற்று. புதிதாக வரும் பிள்ளைக்குப் பள்ளியைச் சுற்றிக்காட்டவும், வகுப்புத் தோழன் ஒருவனைத் துணையாக அமர்த்தவும், புதியவனை வரவேற்பது பற்றி மற்றப் பிள்ளைகளோடு பேசவும் ஏற்பாடு செய்தனர். ஒரு சிறுவனின் உதை, ஒரு பள்ளியின் நடைமுறையையே திருத்தியது.

யார் குற்றம் என்று தேடாத பள்ளி

இந்த மாற்றம் எளிதில் வந்துவிடவில்லை. முதலாண்டில் குழப்பமே மிகுந்தது. பெற்றோர் சினந்தனர், ஆசிரியர்கள் மனம் தளர்ந்தனர். அதன் பின்னரே மூன்று குழுக்கள் மெல்ல உருவாயின. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர், பணியாளர் ஆகியோரின் சார்பாளர் கூடிப் பள்ளியை நடத்தும் குழு ஒன்று. மனநலம் அறிந்தவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி ஆராயும் குழு மற்றொன்று. பெற்றோரின் குழு மூன்றாவது. வகுப்புகளில் ஆசிரியருக்குத் துணையாகத் தாய்மார்கள் சிலர் கூலியுடன் அமர்த்தப்பெற்றனர். பள்ளியைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்தவர்கள் பள்ளிக்கு உள்ளே வந்தனர்.

இக்குழுக்கள் மூன்று நெறிகளைக் கைக்கொண்டன. யார் மீது குற்றம் என்று தேடுவதில்லை. என்ன செய்யலாம் என்பதே பேச்சு. வாக்கெடுத்து ஒரு சாராரைத் தோற்கடிப்பதில்லை. அனைவரும் ஒத்த கருத்துக்கு வரும்வரை பேசுவது. ஒருவர் பணியை மற்றவர் முடக்குவதில்லை, கைகோத்து நடப்பது. இவற்றைப் படித்தபோது, 'மஷூரா' என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் சொல்லின் பொருளை அந்நகரத்து ஏழைத் தாய்மார்கள் நடத்திக் காட்டியதாகவே எனக்குத் தோன்றிற்று.

பிள்ளைகளுக்கு எதனைக் கற்பித்தார்கள்? 1977-இல் சமூகத் திறன்களுக்கென ஒரு பாடத்திட்டம் வகுத்தனர். அது ஒழுக்க போதனைப் புத்தகம் அன்று. அந்நகரில் மேயர் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வேட்பாளர்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதினர். வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்று, அமரச் செய்து, மரியாதை குன்றாமல் கேள்வி கேட்டனர். பெற்றோரும் ஆசிரியர்களும் அவர்களை அழைத்துக்கொண்டு நகரைச் சுற்றிக் காட்டினர். பின்னர்ப் பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதினர். அந்த ஒரு பணியிலேயே எழுத்தும் வந்தது, விருந்தோம்பலும் வந்தது, பெரிய மனிதர் முன் கூச்சமின்றிப் பேசும் துணிவும் வந்தது.

மற்றொன்றையும் அவர்கள் கண்டறிந்தனர். தொடக்கத்தில் ஒன்றுமே கற்காதது போலத் தோன்றிய பிள்ளைகள் சிலர், ஆசிரியரிடம் நம்பிக்கை பிறந்த பின்னரே கற்கத் தொடங்கினர். ஆண்டு முடிந்து ஆசிரியர் மாறியதும் அந்த நம்பிக்கை அறுந்துபோயிற்று. ஆகவே ஒரே ஆசிரியரிடம் இரண்டாண்டுகள் இருக்கும்படி செய்தனர். ஆசிரியர் மீதுள்ள நம்பிக்கை என்னும் கயிற்றைப் பற்றிக்கொண்டுதான் பிள்ளை பாடத்தில் ஏறுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

பயன் என்ன? இடையில் ஒரு பள்ளிக்குப் பதிலாக வேறொரு பள்ளி இத்திட்டத்தில் சேர்ந்தது. 1984-இல் இவ்விரு பள்ளிகளின் நான்காம் வகுப்பு மாணவர்கள் நகரத்துத் தேர்வு வரிசையில் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றனர். வறுமை அப்படியே இருந்தது. தெருவும் அப்படியே இருந்தது. மாறியது பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள் பிள்ளைகளை நோக்கிய பார்வையே.

சிவப்பு, மஞ்சள், பச்சை

அதே நியூஹேவன் நகரில் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் ரோஜர் வைஸ்பர்க், திமோத்தி ஷ்ரைவர் முதலியோர் இப்பணியைப் பல பள்ளிகளுக்கு விரிவுபடுத்தினர். வகுப்பறைச் சுவர்களில் சாலைச் சமிக்ஞை விளக்கின் படம் தொங்கியது. சிவப்பு: நில், அமைதி கொள், செயலுக்கு முன் சிந்தி. மஞ்சள்: சிக்கல் என்ன, உன் மனம் என்ன பாடுபடுகிறது என்று சொல், என்ன நடக்க வேண்டுமென விரும்புகிறாய் என்று எண்ணு, வழிகள் பலவற்றைத் தேடு, ஒவ்வொன்றின் விளைவையும் முன்கூட்டி நினை. பச்சை: நல்ல வழியைத் தெரிந்து, செய்து பார். சிறு பிள்ளைக்கும் மனத்தில் பதியும் பாடம் இது.

1990-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் சலோவியும் அவர் நண்பர் ஜான் மேயரும் உணர்ச்சிகளை அறிந்து ஆளும் ஆற்றலும் ஒருவகை அறிவே என்று ஆய்வுக் கட்டுரை வரைந்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. அதற்கு முந்தைய ஆண்டில், 1994-இல், இத்துறைக்கென ஓர் அமைப்பே தோன்றியிருந்தது. கேசல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவ்வமைப்பு ஐந்து திறன்களை வகுத்துக் கூறுகிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். உலக சுகாதார நிறுவனமும் 1990-களிலேயே இவற்றை ஒட்டிய 'வாழ்க்கைத் திறன்'களைப் பள்ளிகளில் கற்பிக்குமாறு வற்புறுத்தியது. நம் நாட்டில் தில்லி அரசுப் பள்ளிகளில் 2018-இல் 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' தொடங்கப்பெற்றது.

நமக்கு இது புதிதா?

இவற்றையெல்லாம் படிக்கும்போது, மேலை நாட்டார் நமக்குப் புதிதாக ஒன்றைக் கற்பிக்க வந்துள்ளனரோ என்று சிலர் எண்ணக்கூடும். நேயர்களே, நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள்.

சினம் வந்தவன் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும். அப்போதும் தணியாவிடில் படுத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுரை வழங்கியுள்ளார்கள். "கோபப்படாதே" என்று சொல்லி விட்டுவிடாமல், கோபம் வந்த உடலை என்ன செய்வது என்று வழி சொன்ன பெருந்தகை அவர்கள். நியூஹேவன் வகுப்பறையின் சிவப்பு விளக்கு சொல்வதும் இதுவேயன்றோ!

தகாத உறவுக்கு அனுமதி கேட்டுத் துணிந்து வந்த இளைஞன் ஒருவனைச் சுற்றியிருந்தோர் அதட்டினர். நாயகம் (ஸல்) அவர்களோ அவனை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உன் தாய்க்கு இதனை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு என்று ஒவ்வொன்றாக வினவினார்கள். ஒவ்வொரு வினாவுக்கும் 'இல்லை' என்றே சொன்ன அந்த இளைஞனின் உள்ளத்தில், பிறர் வீட்டுப் பெண்ணும் ஒருவரின் தாய், ஒருவரின் மகள் என்னும் உணர்வு தானே விளைந்தது. பிறகு அவன் மீது கை வைத்துத் துஆ செய்தார்கள். பிறரை உணர்தல் என்னும் பாடத்தை இதனினும் தெளிவாகக் கற்பித்தவர் யார்?

பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியின் நிகழ்ச்சியை நாம் அனைவரும் பயானில் கேட்டிருக்கின்றோம். தடுக்க எழுந்த தோழர்களை நிறுத்தி, அவர் முடிக்கும்வரை விட்டு, ஒரு வாளி நீரை ஊற்றச் செய்து, பின்னர் அமைதியாக அவருக்கு விளக்கினார்கள். வளர்த்த சிறு குருவி இறந்துபோன துயரில் இருந்த சிறுவர் அபூஉமைரிடம், அந்தக் குருவி என்னவாயிற்று என்று பரிவோடு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேச நேரம் கண்டார்கள்! எட்டு மாதம் வாப்பாவின் கடிதம் காணாத பிள்ளைக்காக எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை.

ஆகவே, குறை நம் செல்வத்தில் இல்லை. அதனைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்ட நம்மிடம்தான் இருக்கின்றது.

ஒரு பாடவேளை மட்டும் போதாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஜோசப் டர்லக், வைஸ்பர்க் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று, 213 திட்டங்களையும் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் மாணவர்களையும் கணக்கில் கொண்டது. இத்தகைய பயிற்சி பெற்ற மாணவர்களின் நடத்தை சீரானதோடு, கல்வித் தேர்ச்சியும் உயர்ந்தது. நூறு பேர் கொண்ட வரிசையில் நடுவில் நிற்கும் மாணவன் பதினோரு இடம் முன்னேறுமளவு உயர்வு அது.

ஆனால், பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியை வகுப்பில் பாடமாக நடத்தியதால், வழக்கமான முறையில் பயின்ற மாணவர்களைவிட அவர்களின் மனநலம் மேம்படவில்லை. அவ்வாய்வு ஒருவகைப் பயிற்சியைப் பற்றியதுதான். எனினும், வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு அது ஒரு பாடமே. பத்து மணிக்குப் 'பொறுமை' பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியர் பதினொரு மணிக்குப் பிரம்பை எடுத்தால், பிள்ளை கற்பது எதனை?

நம் பள்ளிகளின் பொறுப்பு

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மூன்று நல்ல விதிகளைக் கொண்டுள்ளது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது. உடலை வருத்தும் தண்டனையும் மனத்தைத் துன்புறுத்துவதும் கூடா. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கோமர் நியூஹேவனில் செய்ததை நம் சட்டமும் ஓரளவு எட்டிப் பிடித்திருக்கிறது.

ஆனால் 2014-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் நிறுவனங்களின் உரிமையைக் காக்க அத்தீர்ப்பு பயன்பட்டிருக்கலாம். அதனைக் குறித்த சட்ட விவாதங்கள் எவ்வாறு முடியினும், நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையை வெளியேற்றாதே என்று சட்டம் பிறருக்குச் சொல்கிறது. சட்டம் நம்மைக் கட்டாதபோது, நம் ஈமான் நம்மைக் கட்ட வேண்டாமா? நம் பிள்ளைகளை நம் பள்ளியே துரத்தினால், அவர்கள் போய்ச் சேருமிடம் எது?

பள்ளித் தாளாளர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் உஸ்தாதுமார்களும் எண்ணிப் பார்க்கச் சில வழிகளை இங்கே முன்வைக்கின்றேன்.

1. எந்தப் பிள்ளையின் மீது புகார் வந்தாலும், தண்டனையைப் பேசுமுன் அப்பிள்ளையைத் தனியே அமர்த்தி, என்ன நடந்தது என்று முழுவதும் கேட்க வேண்டும். தாயோ தந்தையோ பாதுகாவலரோ உள்ளே அழைக்கப்பட வேண்டும். அவரை வராந்தாவில் நிறுத்தி வைக்கலாகாது.

2. உணர்ச்சிக்குரிய சொற்களைப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். பையன்கள் எல்லாவற்றையும் 'கோபம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அதன் அடியில் இருப்பது அவமானமாக இருக்கலாம், ஏக்கமாக இருக்கலாம், அச்சமாக, பொறாமையாக, பசியாகக் கூட இருக்கலாம். "உனக்குக் கோபமா, இல்லை அவமானமாக இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் முகமே மாறும். 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று அவன் வாயை அடைத்துவிடாதீர்கள். தம் இளமகன் இபுராஹீமின் மறைவின்போது அண்ணலார் (ஸல்) அவர்களின் கண்களே நீர் சிந்தவில்லையா?

3. அடிபட்ட பிள்ளையின் உரிமை மறக்கப்படலாகாது. மன்னிப்புக் கேட்பதும், செய்த தீங்கைத் தன்னால் இயன்றவரை சரிசெய்வதும், அடித்தவன் கற்க வேண்டிய பாடம். சொல்லால் குத்தியவன், சொல்லும் காயப்படுத்தும் என்பதைக் கற்க வேண்டும். இருவரையும் எதிரெதிரே அமர்த்தி இதனைச் செய்விக்கப் பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவர் போதும்.

4. வாப்பா கடல் கடந்து வாழும் வீடுகள் நம்மிடையே ஏராளம். இன்று கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் முகம் பார்த்தே பேசலாம். ஆனால் "மார்க் எவ்வளவு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இன்று உன்னைச் சிரிக்க வைத்தது எது, வருத்தியது எது என்று நாள்தோறும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பிள்ளையின் வீட்டில் பெரியவர் இல்லை என்பதைப் பள்ளியும் ஜமாஅத்தும் அறிந்து வைத்திருக்க வேண்டும். குறைகூறுவதற்காக அன்று, தோளில் கைபோடுவதற்காக.

5. மாலையில் ஓதும் மத்ரஸாவிலும் இதே அணுகுமுறை வேண்டும். காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் நடத்தப்படும் பிள்ளை, இரண்டு முகம் கொள்ளப் பழகிவிடும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை. வேண்டுவது நேரமும் காதும்தான்.

மீண்டும் அவன்

சென்ற பள்ளிச் சேர்க்கையின்போது அதே பள்ளியின் வராந்தாவில் ஒருவர் என்னை மறித்து ஸலாம் சொன்னார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் நெஞ்சு திடுக்கிட்டது. ஜாமெட்ரி பெட்டியின் பையன்! பன்னிரண்டு வயதில் சென்னையில் உறவினர் கடையில் சேர்ந்து, பொட்டலம் மடித்து, மூட்டை சுமந்து, இன்று ஊரிலேயே சிறியதொரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் சேர்க்கத் தம் மகனை அழைத்து வந்திருந்தார்.

பழையதை நானே எடுத்தேன். "அன்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டோம். அது தவறு; என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனின் தலையில் கை வைத்தபடி, "அதெல்லாம் போகட்டும் மாமா. இவனும் என்னை மாதிரிதான், கொஞ்சம் முன்கோபி. ஏதாச்சும் செஞ்சுட்டான்னா எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. என்ன ஏதுன்னு கேட்டுட்டு அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யச் சொல்லுங்க" என்றார்.

அவ்வளவே அவர் கேட்டது. கேட்காமல் முடிவு செய்துவிடாதீர்கள் என்பது ஒன்றே. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே வராந்தாவில் நின்ற அவருடைய உம்மாவும் எங்களிடம் எதிர்பார்த்தது அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வாசகப் பெருமக்களே! உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த முறை ஒரு பிள்ளையின் பெயர் புகாராக வரும்போது, கூட்டத்தில் நீங்கள் இருந்தால், கையொப்பமிடுமுன் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

நம் பிள்ளைகளின் உள்ளங்களைப் புரிந்துகொள்ளும் பொறுமையையும், அவர்கள் தம் உள்ளங்களை ஆளும் வலிமையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.